அல்லிக்கிழங்கு விசாரணை: மூன்றாம் பிரதி

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். ஒரே பக்கம், இருபத்தாறு வரி, அடியில் தேதியும் என் கையெழுத்தும். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. சுற்றுலா முகாம் நடத்தும் கம்பெனியின் மவுன் நகர அலுவலகத்தில், ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்று முதுகில் சீட்டு ஒட்டிய கோப்பில். எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. அதில் ஒரு வரி பொய் என்று யாராவது காட்டினால் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தருகிறேன். எல்லா வரியும் நிஜம். அதனால்தான் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல்.

அதை இப்போது தமிழில் திரும்ப எழுதுகிறேன். கம்பெனியில் இந்த எழுத்தைப் படிக்க ஆளில்லை என்பது முதல் காரணம். இரண்டாவது காரணத்தை ஏழாம் பகுதியில் சொல்கிறேன். (இங்கேயே சொல்ல வேண்டியது. தைரியம் வரவில்லை.)

முகாமின் எழுத்து வேலையெல்லாம் என்னுடையது; முறைப்படி எழுதிப் பழகிய கை. எனவே:

பொருள்: முகாம் ஊழியர் கெரெங், வயது நாற்பத்தொன்று, முப்பத்தேழு அல்லிக்கிழங்குகளை எடுத்தது தொடர்பாக.

பார்வை: 1. நான் எழுதிய வரவேற்புப் புத்தகம், பக்கம் ஒன்பது, ‘கெரெங்குடன் ஒரு காலை’. 2. நான் எழுதிய விசாரணைக் குறிப்பு.

இது மூன்றாவது.

கெரெங் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாளில் மூன்று வாக்கியம். ‘முகாமின் உடைமையை அனுமதியில்லாமல் எடுத்தேன். இதற்கு முன்னும் பலமுறை எடுத்திருக்கிறேன். வருந்துகிறேன்.’ போட்டால் வேலை நிலைக்கும். போடாவிட்டால் ஒன்பது வருஷ வேலை அன்றோடு சரி. மவுன் தொழிற்பள்ளியில் கடைசி வருஷத்தில் இருக்கும் மகன் தூசோவின் படிப்பும் அன்றோடு சரி. போடுவாளா, மாட்டாளா? கதை அவ்வளவுதான். மர்மம் எதையும் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று தேட வேண்டாம்.

2

தொடக்கம் (அ): ‘ஒகவாங்கோவின் நீர்ப்பரப்பில் பொன் உருகி ஓடும் அந்தக் காலையில், பறவைகளின்—’

வேண்டாம். இது பார்வை 1-இல் இருக்கிற வாக்கியம். அந்தப் புத்தகத்தைத் தோலட்டை போட்டுக் கூடாரத்துக்கு ஒன்றாக மேசைமேல் வைத்திருக்கிறார்கள். முகாம் இருப்பது ஒகவாங்கோ ஆறு பரவி நிற்கும் சதுப்பில், ஒரு தீவில். கூடாரம் என்றால் நீங்கள் நினைக்கிற கூடாரம் கிடையாது. உள்ளே செம்புத் தொட்டியில் குளிக்கலாம். கட்டிலுக்கு நாலு தூண், மேலே வெள்ளை வலை. சிங்கம் கத்துவதைப் படுத்தபடியே கேட்கலாம். கிண்ணத்தில் ஐஸ் உருகுவதற்குள் ஆள் வந்து மாற்றும். சுவர் துணியால் ஆனது என்பதற்காக அதைக் கூடாரம் என்கிறோம். அந்த ஒரு துணிக்குத்தான் அவ்வளவு விலை.

தொடக்கம் (ஆ): ‘படகுத்துறையில் கெரெங்கின் பையைத் திறந்தபோது மேலாகவே—’

இதுவும் வேண்டாம். பார்வை 2 இங்கேதான் தொடங்குகிறது. பையிலிருந்து தொடங்கினால் பைக்காரி திருடிதான், அவளுக்கு வேறு வழியே கிடையாது. ஒரு நாள் முன்னால் போகிறேன். கிழங்கு தோண்டியது வியாழன். பை திறந்தது வெள்ளி. விசாரணை செவ்வாய். கெடு அதற்கடுத்த வெள்ளி. வியாழனிலிருந்து எழுதுகிறேன்.

3

செப்டம்பரில் வெள்ளம் வடியும். அல்லி இலை தளர்ந்து, கிழங்கு கொழுத்திருக்கும். கெரெங் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். பக்கத்தில், பெட்டியிலிருந்து அன்றுதான் பிரித்த காக்கிச் சட்டையில், ஒரு விருந்தாளி அம்மாள். அவர் புருஷன் தோணியில் உட்கார்ந்து படம் எடுத்தார். தோணிக்காரன் ஒலொபெங் கழியால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டால் முதலை விலகும். இறங்குகிறவளுக்கு ஓர் ஆள் வெளியே நின்று அடிக்க வேண்டும் என்பது அந்தத் தண்ணீரின் முதல் பாடம்.

“காலை அகட்டி வைங்க. குதிகாலால தேடுங்க. உருண்டையா, முடியோட தட்டுப்பட்டா அதான்.”

“இங்கே முதலை உண்டா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“உண்டுங்க. வியாழக்கிழமை அதுக்கு லீவு,” என்றான் ஒலொபெங்.

கெரெங் தங்கள் பேச்சில் அவனைப் பார்த்துச் சொன்னாள்: “வாயை மூடிட்டுத் தண்ணியை அடிடா. உன் கதையைக் கேட்டு முதலையும் பக்கத்துல வந்து உட்காந்துக்கும்.”

அம்மாளுக்கு ஒரு கிழங்கு கிடைத்தது. கையில் தூக்கிப் பிடித்து அழுதார், நிஜமாகவே அழுதார். கெரெங் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், வழுக்கிவிடக்கூடாதே என்று. தாய்க்கிழங்கைச் சேற்றில் விட்டுவிட்டுப் பக்கக்கிழங்கை மட்டும் ஒடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொன்று சேர்ந்தது.

சமையற்கூடாரத்தில் நாலை வேகவைத்து, மெல்லிசாக நறுக்கி, வெண்ணெய் ஊற்றி, வெள்ளைத் தட்டின் நடுவில் வைத்தார்கள். புருஷன் ஒரு வில்லை தின்றார். மனைவி மூன்று. மாலையில் விருந்தினர் ஏட்டில் அந்த அம்மாள் எழுதினார்: ‘கெரெங் எனக்கு மண்ணோடு பேசக் கற்றுக்கொடுத்தாள்.’

அதை நான் கெரெங்குக்குப் படித்துக் காட்டினேன்.

“மண்ணோட எங்க பேசினேன்? விழுந்து தொலைக்காதன்னுதான் சொன்னேன்.”

மீதி முப்பத்தேழு. விருந்தாளி கைபட்டு, சமைக்காமல் மிஞ்சியதைக் குழியில் கொட்ட வேண்டும் என்பது சமையற்கூடார விதி. பின்வாசலில் வாளி இருந்தது. கெரெங் வாளியில் கையை விட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து, அலசி, தலைத்துணியை அவிழ்த்து அதில் முடிந்தாள்.

(இங்கே ‘சுற்றுமுற்றும் பார்த்தாள்’ என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் பார்க்கவில்லை.)

மறுநாள் அவளுக்கு ஊர். மூன்று மாதம் வேலை, ஒரு மாதம் வீடு என்பது முகாம் வழக்கம். அவள் ஊரான செரொங்காவில், தண்ணீர்ப் பக்கமிருந்து வருகிற பெண் வெறுங்கையோடு கரையேறமாட்டாள். மீன், கிழங்கு, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி நாணலாவது இருக்கும். சாவுச்சேதி கொண்டு வருகிறவள்தான் வெறுங்கையோடு வருவாள். மூன்று மாதம் தண்ணீருக்கு நடுவில் இருந்துவிட்டுக் கடைப் பிஸ்கட்டோடு போய் இறங்க கெரெங்குக்குக் கூச்சம்.

4

படகுத்துறையில் ஊழியர் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். விருந்தாளிகள் பைகளைத் திறக்கமாட்டார்கள். இதை விளக்கமாக எழுதலாம் என்று பார்த்தேன். விளக்க என்ன இருக்கிறது?

“என்ன இது?” என்றான் காவலாளி. மேற்கே மாட்டுப் பட்டிகளிலிருந்து புதிதாக வந்தவன்.

“கண்ணு தெரியலையா? ட்ஸ்வீ.” அல்லிக்கிழங்குக்கு அங்கே அதுதான் பேர். “உங்க ஊர்ல இதெல்லாம் ஏது? மாட்டை மட்டுந்தானே தெரியும்.”

அவன் ரேடியோவில் கூப்பிட்டான். முகாம் மேலாளர் ரீனெட் வந்தாள். மேசைமேல் துணியை விரித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, கைப்பேசியில் படமெடுக்கப் போனாள்.

இந்த இடத்தில் கெரெங் செய்ததை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். ஒன்பது வருஷமாக அவள் கிழங்கைத்தான் எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். புத்தகத்துக்குத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

“இருங்க ம்மா, இப்படி எடுத்தா அழுக்காத் தெரியும்,” என்றாள். ஒவ்வொன்றையும் பாவாடையில் துடைத்து, பெரிசு ஒருபக்கம், சிறிசு ஒருபக்கம் என்று வட்டமாக அடுக்கினாள். நடுவில் மிகக் கொழுத்ததை வைத்தாள். “இப்ப எடுங்க.”

ரீனெட் எடுத்தாள். சாட்சியப் படம், இணைப்பு ஒன்று. அழகாகத்தான் இருக்கிறது.

படகு அவளை விட்டுவிட்டுப் போயிற்று.

5

விசாரணை சாமான் கூடாரத்தில் நடந்தது. மவுனிலிருந்து சின்ன விமானத்தில் ஊழியர் நல அதிகாரி மொலெஃபி வந்தார். சட்டைக் காலர் பித்தான்வரை போட்டவர், மரியாதையானவர். ரீனெட் இருந்தாள். கெரெங் இருந்தாள். மூலையில் குறிப்பெழுதுகிறவன் இருந்தான். (நான்தான். இனி ‘அவன்’ என்று எழுதுகிறேன். திட்டுவதற்கு வசதி.)

“டுமெலா, ம்மா தூசோ. சௌக்கியமா?” டுமெலா என்றால் வணக்கம்; ம்மா அம்மா, ர்ரா ஐயா. பெரியவர்கள் அவளை மகன் பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவது.

“இருக்கேன், ர்ரா. ஊருக்குப் போக விட்டா இன்னும் சௌக்கியமா இருப்பேன்.”

“இந்தத் தீவுலேருந்து எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கிற விதி தெரியுமா?”

“தெரியாம? விருந்தாளிங்களுக்கு அதைச் சொல்றதே நான்தான். கல்லு, இறகு, எலும்பு, ஒண்ணும் எடுக்காதீங்கன்னு.”

“அப்ப கிழங்கு?”

“கிழங்கு சாப்பாடு, ர்ரா. கல்லை யாரு திம்பா?”

“சரி. அந்தக் கிழங்கு யாரோடது?”

கெரெங் யோசித்தாள். அவளுக்கு இது நியாயமான கேள்வியாகப் பட்டது. “தோண்டினவங்களோடது. பாதி நான் தோண்டினேன், பாதி அந்தம்மா. அந்தம்மா தன் பாதியை வாளியில போட்டுட்டுப் போயிட்டாங்க. அப்ப முழுசும் என்னோடது.”

மொலெஃபி லேசாகச் சிரித்துவிட்டு, ரீனெட்டைப் பார்த்ததும் இருமினார்.

“இதுக்கு முன்னாடியும் எடுத்திருக்கீங்களா?”

“எடுக்காம?”

“எத்தனை தடவை?”

“அதை யாரு எண்ணிட்டிருந்தா?”

“எப்பலேருந்து?”

“ஏழு வயசுலேருந்து.”

மொலெஃபியின் பேனா நின்றது. நல்ல மனுஷன், ஒரு கதவைத் திறந்துவிடப் பார்த்தார். “யோசிச்சுச் சொல்லுங்க, ம்மா. இது பதிவாகுது.”

தன்னை நம்பவில்லை என்று கெரெங்குக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்ன யோசிக்கிறது? சத்தியமாச் சொல்றேன். ஏழு வயசு. அதுலேருந்து ஒரு வருஷம் விட்டதில்ல.” பிறகு ஐந்து நிமிஷம் போல ஏதோ பேசினாள்.

மூலையில் இருந்தவன் சின்ன ஊர்ப் பள்ளியில் படித்தவன். ‘கீழ்க்காணும் பகுதியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக’ என்று பரீட்சையில் கேட்பார்கள். பத்துக்கு ஒன்பது வாங்குவான், எப்போதும். உவமையை வெட்டு, உதாரணத்தை வெட்டு, பேச்சைக் கூற்றாக மாற்று. அன்றும் அப்படியே செய்தான்: ‘இதற்கு முன்னும் பலமுறை எடுத்ததாக ஊழியர் ஒப்புக்கொண்டார். எண்ணிக்கை நினைவில்லை என்றார்.’

படித்துப் பார்த்த ரீனெட், “எவ்வளவு தெளிவாக எழுதுகிறீர்கள்,” என்றாள்.

அவன் நன்றி சொன்னான். சொன்னான், நன்றி.

6

பாத்திரங்களைப் பற்றி ஒரு சந்தேகம்.

ரீனெட்டைக் கெட்டவளாக எழுத எனக்கு ஆசை. முதல் வரைவில் அவள் மேசையைத் தட்டினாள், விரலை நீட்டினாள். அதெல்லாம் நான் போட்டது. இரண்டு வருஷம் முன்பு தூசோ மலேரியாவில் கிடந்தபோது, விருந்தாளிகளின் விமானத்தில் கெரெங்கை ஏற்றி மவுனுக்கு அனுப்பியவள் இதே ரீனெட். தன் கம்பளியைச் சுற்றி அனுப்பினாள். விசாரணையில் அவள் குரல் உயரவே இல்லை. “நாமெல்லாம் ஒரே குடும்பம், கெரெங்,” என்றாள். மனதாரச் சொன்னாள்.

“குடும்பத்துல பையைத் திறந்து பார்ப்பாங்களா, ம்மா?”

(குறிப்பில் இல்லை. ‘தொடர்பற்றது’ என்று விட்டேன்.)

மேசையைத் தட்டுகிறவளாக இருந்தால் எனக்குக் கோபப்படச் சுலபம். கம்பளி கொடுத்தவள் அளவுகோல் வைத்துப் படமெடுத்தாள் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இன்னொன்று. கம்பெனிக்குக் கெரெங்கை அனுப்பிவிடும் எண்ணமே கிடையாது. பக்கம் ஒன்பதுக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை ஆறு பேர் வருகிறார்கள். விடுப்பைத் தள்ளிப்போட்டுவிட்டு, சனிக்கிழமை அவள் தண்ணீரில் இறங்கிக் கிழங்கு எடுக்க வேண்டும். அதற்காக, கிழங்கு எடுத்தது திருட்டு என்று வெள்ளிக்கிழமை எழுதிக்கொடுக்க வேண்டும். இதை எழுதி முடித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வாக்கியத்தை எப்படி மாற்றிப் போட்டாலும் அது அப்படியேதான் நிற்கிறது.

7

இரண்டாவது காரணம். அந்த ஐந்து நிமிஷம்.

கெரெங் சொன்னது:

“என் அக்கா மொர்வாடிக்கு அப்ப பதினாலு வயசு, ர்ரா. இப்ப உங்க விமானம் எறங்குதே, அதுக்குக் கிழக்கால இருந்துச்சு எங்க வீடு. அக்கா எறங்குவா. தண்ணியை அடிக்கிறது என் வேலை. பெரிய கழி. அடிச்சேன், அடிச்சேன், கை வலிச்சுது. கொஞ்சம் நிறுத்திட்டுக் கையை உதறினேன். அவ்வளவுதான். அவ கத்தக்கூட இல்ல. கூடை மட்டும் மெதந்து என் பக்கம் வந்துச்சு. அன்னிக்குச் சாயந்திரம் அம்மா அந்தக் கூடையில இருந்ததைத்தான் அவிச்சா. தின்னோம். வேற இல்ல. அடுத்த வாரம் நான் எறங்கினேன், அம்மா தண்ணியை அடிச்சா. அதான் ஏழு வயசுன்னு எனக்கு நல்லாத் தெரியும்.”

மொலெஃபி, “வருத்தமா இருக்கு, ம்மா தூசோ,” என்று தொப்பியை மடியில் வைத்தார். ரீனெட் மேசையைப் பார்த்தாள். மூலையில் இருந்தவனின் பேனா தாளைத் தொடவில்லை. இதை விட்டுவிடு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஜாடைகூடக் காட்டவில்லை. இது பதிலா, கதையா என்று ஒருகணம் யோசித்தான், கதை என்று முடிவு செய்தான், விட்டான். ‘ஏழு வயசு’ என்பதையும் சேர்த்து வெட்டினான். ‘பலமுறை’ என்பதில் அது அடங்கிவிடுகிறதே.

இப்போது ஐந்தாம் பகுதியைத் திரும்பிப் பாருங்கள். ‘ஏதோ பேசினாள்’ என்று எழுதியிருக்கிறேன். இங்கேயும் அதையே செய்திருக்கிறேன். அங்கே சுருக்கத்துக்காக வெட்டினேன், இங்கே சுவைக்காக ஒத்திவைத்தேன். நீங்களும் ஏழாம் பகுதியில் என்னவோ இருக்கிறது என்று வந்தீர்கள். மொர்வாடியை நான் இருமுறை பயன்படுத்திவிட்டேன். இதற்கு எந்த விசாரணையும் கிடையாது.

8

கெடுவுக்கு முந்தின நாள், வியாழன், கெரெங் அந்தக் குறிப்பெழுதுகிறவன் மேசைக்கு வந்தாள். கூடவே ஒலொபெங், கையில் வறுத்த மாவுருண்டைப் பொட்டலத்தோடு. மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிவைக்கிறேன் என்று குறிப்பெழுதுகிறவன் சொல்லியிருந்தான். மூன்று எழுதியிருந்தான். ஒவ்வொன்றாக அவர்கள் பேச்சில் சொல்லிக் காட்டினான்.

முதல் கடிதம் கருணை கேட்டது. விதவை, ஏழை, ஒற்றை மகன், தயவுகூர்ந்து.

“யாரு எழுத்துக்காரரே இந்தப் பொம்பளை?” என்றாள் கெரெங். “கேட்டா பாவமா இருக்கு. அவளுக்கு ஏதாவது உதவி பண்ணுங்க. நான் அவ இல்ல.”

“ரெண்டு மாவுருண்டை குடுப்போம்,” என்றான் ஒலொபெங்.

இரண்டாவது சட்டம் பேசியது. இந்த நீரைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்ததற்கு முன்னால் இதில் யார் இருந்தார்கள், யார் தின்றார்கள் என்று வரிசையாகக் கேட்டது. கெரெங் கவனமாகக் கேட்டாள்.

“இது சரியாத்தான் இருக்கு. ஆனா இதுக்குப் பதில் தூசோவுக்குப் பேரன் பொறந்த பிற்பாடு வரும். எனக்கு நாளைக்கு மத்தியானம்.”

மூன்றாவது கடிதமே கிடையாது. விசாரணைக் குறிப்பைத் திருத்தி முழுசாக எழுதியிருந்தான். பதினொரு பக்கம். அளவுகோல், வட்டமாக அடுக்கியது, வாளி, கல்லை யார் தின்பார், மொர்வாடி. காலையில் ரேடியோவில் மொலெஃபியிடம் சொல்லியிருந்தான்.

“பதினொண்ணா?” என்றார் மொலெஃபி. “மேல்முறையீட்டுக் குழு ஒரு பக்கத்துக்கு மேல படிக்காது, ர்ரா. சுருக்கிக் குடுங்க. உங்களுக்கா தெரியாது?”

சுருக்க உட்கார்ந்தான். முதல் வரியை எழுதினான்: ‘ஊழியர் தம் மூத்த சகோதரியின் மரணத்தை முன்னிட்டு—’. அதற்குமேல் கை ஓடவில்லை. பத்துக்கு ஒன்பது வாங்கிய கை. பதினொரு பக்கத்தையும் அப்படியே உறையில் போட்டு மத்தியான விமானத்தில் அனுப்பினான். பதில் வரவில்லை. கதையில் என்றால் வந்திருக்கும்.

“போட்டுடு, ம்மா தூசோ,” என்றான் ஒலொபெங். இந்தமுறை சிரிக்கவில்லை. “மைதானே? அவங்க தாளு, அவங்க பேனா. நமக்குத் தெரியாதா நீ என்ன எடுத்தேன்னு.”

“உனக்குத் தெரியும். தாளுக்கு?”

“தாளு பேசுமா?”

“பேசுதேடா. இவரு எழுதின ரெண்டு வரி எவ்வளவு பேசுது பாரு.”

எழுதினவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கெரெங் ஒரு மாவுருண்டையைப் பிய்த்தாள், தின்னவில்லை. “காலையில தூசோ போன்ல கூப்பிட்டான். ‘போட்டுடும்மா, நான் வெல்டிங் முடிச்சு வேலைக்குப் போனா உனக்குக் கிழங்கென்ன, மாடே வாங்கித் தரேன்’னான். நல்ல பிள்ளை. அவனுக்குப் பெரியம்மா பேரு தெரியாது. நான் சொன்னதில்ல. கழியைக் கீழ வெச்சவ நான்தானே, எப்படிச் சொல்றது?”

“ஏழு வயசுப் பொண்ணு நீ,” என்றான் ஒலொபெங்.

“ஆமா. அன்னிக்கு அவ சோத்துக்கு எறங்கினா. அதை மட்டும் புடிச்சிட்டுத்தான் இத்தனை வருஷம் இருக்கேன். நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டா, அவ திருடும்போது செத்தவ ஆயிடுவா. நான் திருட்டுக்குக் காவல் நின்னவ.” பிய்த்ததைப் பொட்டலத்திலேயே போட்டாள். “போடலேன்னா என் பிள்ளை பாதியில வெளிய வருவான், எப்பவோ செத்துப்போன ஒருத்திக்காக. அவ பேருகூடத் தெரியாம.”

பிறகு மேசைக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க எழுத்துக்காரரே. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

எழுதினவன் பேனாவை மூடி வைத்தான்.

“அதானே,” என்றாள் கெரெங்.

9

முடிவு (அ): வீடு திரும்பும் வழியில் அந்த விருந்தாளி அம்மாளுக்கு விஷயம் தெரிகிறது. கம்பெனித் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல். ‘மண்ணோடு பேசக் கற்றுத்தந்த அந்தக் கைகளையா நீங்கள்—’

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததும் பயந்துபோய் நிறுத்தினேன். இது கம்பெனி அச்சடிக்கக்கூடிய முடிவு. அந்த அம்மாள் இந்நேரம் வேறொரு துணிச்சுவருக்குள், வேறொருத்தி முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வேறெதையோ கற்றுக்கொண்டிருப்பார். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. யாருமே அவரிடம் சொல்லப் போவதில்லை என்கிறேன்.

முடிவு (ஆ): அவள் கையெழுத்துப் போடுகிறாள். ‘பேனா பிடித்த விரல்கள் நடுங்கின. ஒரு சொட்டுக் கண்ணீர்—’

பொய். சேற்றுக்குள் கிழங்கு ஒடிக்கிற விரல். நடுங்காது. போட்டால் அழுத்தமாகத்தான் போடுவாள்.

முடிவு (இ): அவள் தாளை நாலாகக் கிழித்து, தலை நிமிர்ந்து, படகுத்துறையை நோக்கி—

நீங்கள் கைதட்டுவீர்கள். நானும் தட்டுவேன். நம் இருவருக்கும் அதில் ஒரு செலவும் கிடையாது. தூசோ என்ற பையன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பள்ளியின் வாசலைத் தாண்டி வருவதை அந்த முடிவில் எங்கே எழுதுவது? அடுத்த பத்தியிலா, அடிக்குறிப்பிலா?

நடந்தது இது. வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் கெரெங் வந்தாள். நான் தாளை எடுத்து வைத்தேன். (‘அவன்’ என்று எழுத இனி மனமில்லை.) பக்கத்தில் பேனா. மூன்று வாக்கியத்தையும் இன்னொரு முறை படித்துச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். ‘பலமுறை’ என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு செய்ய வேண்டியதைச் செய்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

எழுந்தபோது சொன்னாள்: “நான் இப்ப பண்ணதை நீங்க எங்கயும் எழுதக் கூடாது.”

“ஏன், ம்மா தூசோ?”

“நீங்க எழுதினா அது மட்டுந்தான் நடந்ததுன்னு ஆயிடுது.”

எழுதவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல் குறையாமல் நான் ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

உங்களுக்கு முடிவு வேண்டும், தெரியும். அதற்கு வழி இருக்கிறது. ஆனால் என்னிடம் இல்லை. உங்களில் யாரோ ஒருவர், உங்கள் மகனோ மருமகளோ, என்றைக்காவது பணம் சேர்த்து அந்த முகாமில் தங்கப் போவீர்கள். தப்பில்லை, தங்குங்கள். மறுநாள் காலையில் தோணியில் அழைத்துப் போவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண் நின்றுகொண்டு உங்களை இறங்கச் சொல்வாள். இறங்குவதற்கு முன்னால் அவள் பேரைக் கேளுங்கள். கெரெங் என்று சொன்னால், அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வேறு பேரைச் சொன்னாலும் தெரிந்துவிடும். அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். கதையில் அதற்குமேல் எனக்கு வேலையில்லை. அந்தத் தண்ணீரில் காலை வைத்தீர்களா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.